புதன்கிழமைப் பதிவேடு

எங்கள் பள்ளியில் கூட்டம் நடப்பதற்கு முன்பே கூட்டக் குறிப்பு எழுதப்பட்டுவிடும். குறை சொல்லவில்லை, வழக்கத்தைச் சொல்கிறேன். திங்கட்கிழமை காலையில் நீள பைண்டு நோட்டில் இரண்டு வரி எழுதுவார்கள்: "மாணவர்களின் கற்றல் அடைவு குறித்து விவாதிக்கப்பட்டது. ஆசிரியர்களின் ஆலோசனைகள் பெறப்பட்டன." கீழே வரிசை எண், பதவி, கையெழுத்துக்கு இடம். புதன்கிழமைக்குள் அந்த நோட்டு வராந்தாவில் கைமாறிக் கைமாறி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடும். ஒருவர் சாக்பீஸ் விரலோடு போடுவார், ஒருவர் டிபன் பாக்ஸ் மூடியின் மேல் வைத்துப் போடுவார். புதன்கிழமை மாலை நாங்கள் கூடி விவாதித்ததாக மேலிடத்துக்குத் தெரியும். அதே நேரத்தில் எங்களில் பாதிப் பேர் ஓசூர் போகும் வேனில் உட்கார்ந்திருப்போம்.

நான் அறிவியல் ஆசிரியை. ஊர் சாத்தூர்ப் பக்கம். சூளகிரிக்கு அருகிலுள்ள இந்த அரசு உயர்நிலைப் பள்ளிக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. கணவரும் மகளும் அங்கே, நான் இங்கே ஒரு வாடகை அறையில். மகள் நாலாம் வகுப்பு. மாதம் இரண்டு முறை வெள்ளிக்கிழமை மாலை பேருந்து ஏறி, ஞாயிற்றுக்கிழமை மறுபடி பேருந்து ஏறுவேன். தெற்கிலிருந்து இந்த மாவட்டத்துக்கு வேலை கிடைத்து வந்த எல்லோரும் இப்படித்தான். உடம்பு இங்கே இருக்கும், மனசு வருகிற மே மாத மாறுதல் கலந்தாய்வில் இருக்கும். இதில் யாரிடம் போய்க் குழுவாகச் சேர்ந்து வேலை செய்யலாம் என்று சொல்வது?

நான்தான் சொன்னேன். எனக்கு வாய் நீளம். இருந்த இடத்தில் இருப்பும் கொள்ளாது. காரணம் ஒரு சிறுமி. ஜூன் மாதத்தில் எட்டாம் வகுப்பில் வந்து சேர்ந்தவள். அப்பாவுக்குப் புதுத் தொழிற்பேட்டையில் வேலை. மூன்று மாதம் என் வகுப்பில் அவள் வாயைத் திறக்கவில்லை. பேச்சு வராத பிள்ளை என்றே முடிவுகட்டி, கேள்வி கேட்பதையும் விட்டுவிட்டேன். ஒருநாள் கைகழுவும் குழாயடியில் தமிழ் டீச்சர் போகிற போக்கில் சொன்னார், அந்தப் பெண் தெலுங்கில் பேச ஆரம்பித்தால் நிறுத்தவே மாட்டாள் என்று. தமிழ் டீச்சர் இந்த ஊர்க்காரர், வீட்டில் தெலுங்கு. அவருக்கு ஜூன் மாதமே தெரிந்தது எனக்குச் செப்டம்பரில் தெரிகிறது. ஒரே பிள்ளையை நாலு பேர் நாலு பீரியடில் பார்க்கிறோம், ஒருவர் கண்டதை மற்றவரிடம் சொல்வதில்லை. அன்று எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. கோபம் என் மேல் வந்தால் அதை அடுத்தவர் மேல் காட்டுவது என் வழக்கம்.

தலைமை ஆசிரியை மாதம் ஒருமுறை கூட்டும் ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து, புதன்கிழமைப் பதிவேட்டின் அந்த இரண்டு வரியும் சுத்தப் பொய் என்றேன். தலைமை ஆசிரியை கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. "அப்ப எட்டாம் வகுப்புக் குழுவ நீங்களே நடத்திக் காட்டுங்க மேடம்" என்று நோட்டை என் பக்கம் தள்ளினார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

குழு என்றால் நாலே பேர். தமிழ் டீச்சர், ஆங்கில சார், கணக்கு சார், நான். சமூக அறிவியலுக்கு ஆள் இல்லை, அதையும் ஆங்கில சாரே பார்த்துக்கொண்டார். முதலில் வாட்ஸாப்பில் குழு தொடங்கினேன். "புதன் மாலை சந்திப்போம்" என்று போட்டால் மூன்று கட்டைவிரல்கள் வரும். புதன் மாலையில் கட்டைவிரல்கள்கூட வராது. அடுத்த வாரம் நெடுஞ்சாலை டீக்கடையில் போண்டா வாங்கி வைத்தேன். ஆங்கில சார் வந்தார். திருவாரூர்ப் பக்கத்துக்காரர், என்னைப் போலவே மே மாதத்துக்காகக் காத்திருப்பவர். இரண்டு போண்டாவைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு, "வேன்ல சாப்ட்டுக்கறேன் மேடம்" என்று ஓடினார். வேன்காரர் வெளியே ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தார். நான் வராந்தாவிலிருந்து, என்ன நெனச்சுக்கிட்டு இருக்கீக எல்லாரும் என்று கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் சாத்தூர் வந்துவிடும். அதன் பிறகு ஒரு மாதம் பள்ளியில் பார்க்கிறவர்கள் எல்லாம் "என்ன நெனச்சுக்கிட்டு இருக்கீக" என்றே எனக்கு வணக்கம் சொன்னார்கள்.

பிறகுதான் புத்தி வந்தது. பள்ளி முடிந்தபின் யாரையும் பிடித்துவைக்க முடியாது. தமிழ் டீச்சருக்கு வீட்டில் சின்னக் குழந்தை, ஆங்கில சாருக்கு வேன். பள்ளி நேரத்துக்குள்ளேயே ஒரு பீரியட் கண்டுபிடிக்க வேண்டும். கால அட்டவணையை எடுத்துவைத்து அழித்து அழித்து எழுதினேன். புதன் எட்டாவது பீரியட் எட்டாம் வகுப்புக்கு விளையாட்டு. பி.டி. சார் பிள்ளைகளை மைதானத்தில் பார்த்துக்கொள்வார். அந்த நேரத்தில் நாங்கள் நாலு பேரும் ஓய்வாக இருக்கும்படி மற்ற வகுப்புகளை மாற்றிவைத்தேன். இதற்குத் தலைமை ஆசிரியையின் அறையில் மூன்று நாள் நின்றேன். அவர் ஒருவழியாகக் கையெழுத்துப் போட்டார்.

காலியான எட்டாம் வகுப்பு அறையில் கூட்டம் என்று சொன்னேன். தமிழ் டீச்சர் வந்தார். ஆங்கில சார் வந்து, உட்காராமல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். கணக்கு சார் மட்டும் வரவில்லை.

அவருக்கு ஓய்வுக்கு மூன்று வருஷம் இருந்தது. கிருஷ்ணகிரிக்கு இந்தப் பக்கம் சொந்த ஊர், கொஞ்சம் மாந்தோப்பு உண்டு. பழைய பைக்கில் வருவார். தலைமை ஆசிரியர் பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் அடுத்த முறை வரும் என்று பள்ளி முழுக்கத் தெரியும். வர மாட்டேன் என்று ஒருபோதும் சொல்ல மாட்டார். புதன் எட்டாவது பீரியடில் சைக்கிள் ஷெட்டில் கல் மேல் உட்கார்ந்து, பக்கத்தில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு நோட்டுத் திருத்துவார். மணி அடித்ததும் ஹெல்மெட் தலைக்குப் போகும். ஹெல்மெட் தலையில் ஏறிவிட்டால் அவரிடம் பேசிப் பயனில்லை.

மூன்று புதன்கிழமை பார்த்தேன். நாலாவது புதன் நேராக ஷெட்டுக்குப் போனேன். பள்ளிக்கு அடுத்த நிலத்தில் புதுத் தொழிற்சாலைக்காகப் பாறை உடைத்துக்கொண்டிருந்தார்கள், பேசுவது பேசுகிறவருக்கே கேட்காது. இயந்திரம் நின்ற இடைவெளியில், என்னதான் சார் உங்க பிரச்சினை என்று கேட்டேன். அவர் திருத்திக்கொண்டிருந்த நோட்டை மூடினார்.

"நாலு பேரு கூடி உக்காந்தா எதுனா பேசுவோம் மேடம். பேசினா யாராச்சும் எழுதிகினே இருப்பாங்க. எழுதினது எங்கெங்கயோ போவும்" என்றார்.

பிறகு பழைய கதையைச் சொன்னார். பல வருஷங்களுக்கு முன்பு, காவேரிப்பட்டினம் பக்கம் ஒரு பள்ளியில் வேலை பார்த்தபோது, இதுபோல ஒரு கூட்டத்தில், பத்தாம் வகுப்பில் சில பிள்ளைகளுக்குப் பெருக்கல் வாய்ப்பாடே தெரியவில்லை, நான் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று வாய் தவறிக் கேட்டுவிட்டார். குறிப்பு எழுதியவர் அதை அப்படியே எழுதிவிட்டார். விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அது முடிவதற்குள் அந்த வருஷப் பதவி உயர்வுப் பட்டியல் அவரைத் தாண்டிப் போய்விட்டது. அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் தலைமை ஆசிரியர்கள் ஆனார்கள். அதிலிருந்து அவர் எந்தக் கூட்டத்திலும் வாயைத் திறந்ததில்லை. இப்போது இரண்டாவது முறையாகப் பட்டியல் அவர் பக்கம் வருகிறது.

எனக்குப் பொறுக்கவில்லை. "அந்த ரெண்டு வரிக்கு மேல ஒரு எழுத்து எழுத மாட்டேன் சார். நீங்க வந்து உக்காந்தா போதும்" என்றேன்.

அவர் மறுபடி நோட்டைத் திறந்தார். அடுத்த புதன்கிழமை வந்தார். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார். என் கையில் இருந்த பேனாவைப் பார்த்தார். நான் அதை மூடி மேசையில் வைத்தேன். நான்தான் ஒவ்வொருவராகக் கேட்டேன், எட்டாம் வகுப்பில் உங்களுக்கு எது வரவில்லை என்று. நான் கேட்கிற இடத்தில் இருந்தேன், அது எனக்கு நன்றாகவே இருந்தது. தமிழ் டீச்சர் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகளைப் பற்றிச் சொன்னார். ஆங்கில சார், சமூக அறிவியல் புத்தகத்தைத் தான் வெறுமனே வாசித்துவிட்டுப் போவதாகத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். கணக்கு சார் கடைசியில் பேசினார்.

"பதினோரு புள்ளைங்களுக்கு நான் சொல்றது போய்ச் சேரல. வகுத்தலே வரல. முப்பது வருசமா சொல்லிக் குடுக்கறேன், இந்தப் பதினோரு பேருக்கு எப்பிடிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல" என்றார்.

நாங்கள் மூன்று பேருமே அவரைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள். அவருக்குத் தெரியாதது ஒன்று உண்டு என்பதே எங்களுக்குப் புதிது. தமிழ் டீச்சர்தான் முதலில் பேசினார். அந்தப் பதினொருவரின் பெயரைக் கேட்டார். ஏழு பேர் வீட்டில் தெலுங்கு, நாலு பேர் கர்நாடகப் பக்கம் கன்னடத்தில் படித்துவிட்டு வந்தவர்கள் என்று விரல்விட்டுச் சொன்னார். செவ்வாய், வியாழன் தனக்கு ஓய்வு இருக்கும்போது அவர் வகுப்பில் வந்து உட்காரட்டுமா என்று கேட்டார். கணக்கு சார் தலையை ஆட்டினார்.

அதற்கடுத்த வாரங்கள்தான் நான் இந்தப் பள்ளியில் சந்தோஷமாக இருந்த வாரங்கள். ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். கரும்பலகையில் கணக்கு சார், பின்பெஞ்சில் பதினோரு பிள்ளைகளுக்கு நடுவே தமிழ் டீச்சர். வகுத்தல் என்ற பேச்சே இல்லை, பங்கு போடுவது என்றுதான் ஆரம்பித்தார்கள். கணக்கு சார் தன் தோப்பிலிருந்து மாவிலைகளைப் பை நிறையக் கொண்டுவந்து கொட்டுவார். தமிழ் டீச்சர் தெலுங்கிலும், தனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்திலும், ஆளுக்கு எத்தனை, மீதி எத்தனை என்று கேட்பார். அந்த வாய்திறக்காத சிறுமி ஒருநாள் கரும்பலகைக்குப் போய் ஒரு கணக்கைப் போட்டு முடித்தாள். மீதியையும் சரியாக எழுதினாள். கணக்கு சார் கையிலிருந்த சாக்பீஸை அவளிடமே கொடுத்து, அடுத்ததையும் போடச் சொன்னார்.

பதிவேட்டில் நான் சொன்னபடி இரண்டு வரிதான் எழுதி வந்தேன். ஒவ்வொரு வாரமும் எழுதும்போது கை அரித்தது. எதைப் பொய் என்று எழுந்து நின்று கத்தினேனோ அதே வரியை, இப்போது உண்மையாகவே கூட்டம் நடக்கும்போதும் எழுதிக்கொண்டிருந்தேன். உள்ளே எவ்வளவு நடக்கிறது, வெளியே தெரிகிறது இரண்டு வரி. நவம்பரில் ஆய்வுக்குக் குழு வருகிறது என்று தலைமை ஆசிரியை சொன்னார். முந்தின நாள் மாலை நோட்டை அறைக்கு எடுத்துப் போனேன். நல்ல பேனா எடுத்தேன். என் கையெழுத்து அழகாக இருக்கும், அது எனக்குத் தெரியும். கணக்கு சார் வாய் திறந்த அந்தப் புதன்கிழமைக்கு, இரண்டு வரிக்குக் கீழே ஒரு முழுப் பக்கம் விட்டு வைத்திருந்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். எழுதாமல் இருக்கப் போகிறவள் எதற்கு இடம் விட வேண்டும்?

"பதினொரு மாணவர்களுக்கு வகுத்தல் கற்பிக்க இயலவில்லை எனக் கணித ஆசிரியர் மனம் திறந்து பகிர்ந்துகொண்டார். அதன் அடிப்படையில் குழு எடுத்த முயற்சிகள்" என்று தொடங்கி, பக்கம் நிறைய எழுதினேன். அவரைப் புகழ்ந்துதான் எழுதினேன். பெயர் போடவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணித ஆசிரியர் ஒருவர்தான்.

மறுநாள் வந்த அதிகாரி பதிவேட்டைப் புரட்டினார். இரண்டு வரி, இரண்டு வரி, இரண்டு வரி. அந்தப் பக்கத்தில் நின்றார். முழுவதும் படித்தார். இதுதான் உண்மையான குறிப்பு, யார் எழுதியது என்று கேட்டார். தலைமை ஆசிரியை என்னைக் காட்டினார். அதிகாரி கைப்பேசியில் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டார். எனக்கு அன்று தலைகால் புரியவில்லை. மகளுக்குப் போன் செய்து, அம்மா எழுதியதைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள் என்றேன்.

மூன்று வாரம் கழித்துத் தபால் வந்தது. மாணவர்களுக்குக் கற்பிக்க இயலவில்லை என்று தாங்களே ஒப்புக்கொண்டமைக்குத் தங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கணக்கு சாரிடம் விளக்கம் கேட்டிருந்தார்கள். என் பக்கத்தின் நகல் இணைப்பாக வந்திருந்தது. என் அழகான கையெழுத்து, ஒரு வரியின் கீழ் மட்டும் சிவப்புக் கோடு. அதற்குக் கீழே பக்கம் முழுக்க நான் எழுதியிருந்த முயற்சிகளை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. அவர் தலைமை ஆசிரியையின் அறையில் நின்றபடியே பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டார். காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார். என்னைத் தாண்டித்தான் போனார். ஏன் எழுதினாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அந்தப் புதன் அவர் ஷெட்டில் இருந்தார். ஆங்கில சாரும் வரவில்லை. தமிழ் டீச்சர் வந்து, குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றார். குழந்தை நன்றாக இருந்தது, மறுநாள் காலையில் அவர் ஸ்கூட்டியில் முன்னால் வைத்துக் கூட்டிப் போனதை நானே பார்த்தேன். செவ்வாய், வியாழன் அவர் கணக்கு வகுப்புக்குப் போவதும் நின்றது. கணக்கு சார்தான் வேண்டாம் என்றிருக்கிறார், உங்களுக்கும் ஏதாவது வந்துவிடும் என்று. பின்பெஞ்சுப் பதினொருவரும் மறுபடி கரும்பலகையை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுக் கிருஷ்ணகிரிக்குப் பேருந்து ஏறினேன். மாவட்டக் கல்வி அலுவலகத்தில் அந்தக் கோப்பைப் பார்க்கும் அம்மாவின் மேசை முன்னால் நின்று, தப்பு என்னுடையது, அவர் சொன்னதன் பொருள் அதுவல்ல என்று படபடவென்று பேசினேன். அந்த அம்மா கோப்பைத் திறந்து நகலைக் காட்டினார். இது நீங்கள் எழுதியதுதானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப இது பொய்யின்னு எழுதிக் குடுங்க மேடம், வெச்சிக்கறோம்" என்றார். குரலில் கிண்டல் ஒன்றும் இல்லை, அவருக்குத் தெரிந்த வழியைத்தான் சொன்னார்.

எழுதிக் கொடுக்கவும் தயாராகத்தான் திரும்பி வந்தேன். ஷெட்டுக்குப் போய்க் கணக்கு சாரிடம் சொன்னேன், நான் கற்பனையாக எழுதினேன் என்று கடிதம் கொடுத்துவிடுகிறேன், உங்களுக்குப் பட்டியலில் பெயர் வந்துவிடும் என்று. அவர் நோட்டுத் திருத்துவதை நிறுத்தவில்லை.

"அது பொய் இல்லியே மேடம்" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். வாக்குக் கொடுத்துவிட்டு எழுதினேன், அது துரோகம் சார் என்றேன். அழுதுவிட்டேன் என்றுகூடச் சொல்லலாம், பாறைத் தூசி என்றும் சொல்லலாம். அவர் சிவப்புப் பேனாவின் மூடியைத் தேடி எடுத்து மூடினார்.

"அன்னிக்கு நாலு பேரு உக்காந்து இருந்தோம். மூணு பேரு பேசினோம். உங்களுக்கு எட்டாவதுல என்னா வரலன்னு நீங்க சொல்லவே இல்லியே மேடம்."

இதைக் கோபமாகச் சொல்லவில்லை. கணக்கில் ஒரு படி விட்டுப் போயிருக்கிறது என்று பிள்ளைகளிடம் காட்டுகிற குரலில் சொன்னார். மணி அடித்தது, ஹெல்மெட் தலையில் ஏறியது. நான் அங்கேயே நின்றேன்.

என்ன வரவில்லை என்று எனக்குத் தெரியும். ஆய்வகம் என்று எங்களுக்கு இருப்பது ஓர் இரும்பு அலமாரி. ஜூன் மாதத்தில் அதன் சாவியைத் தொலைத்துவிட்டேன். தொலைத்ததைச் சொன்னால் இருப்புச் சரிபார்ப்பு என்பார்கள், உடைந்தது கிடந்தது எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும் என்று பயந்து சொல்லவில்லை. அந்த வருஷம் எட்டாம் வகுப்புக்கு ஒரு சோதனைகூடச் செய்து காட்டவில்லை. எல்லாவற்றையும் கரும்பலகையில் வரைந்துவிட்டு, செய்முறைப் பதிவேட்டில் செய்து காட்டப்பட்டது, செய்து காட்டப்பட்டது என்று எழுதினேன். அதே அழகான கையெழுத்தில்தான். அடுத்தவருடைய இரண்டு வரியைப் பொய் என்று கூட்டத்தில் எழுந்து கத்தியவள் நான்.

ஜனவரிக் கடைசியில் பதவி உயர்வுப் பட்டியல் வாட்ஸாப்பில் வந்தது. வராந்தாவில் எல்லோரும் தலையைக் குனிந்து கைப்பேசியில் தேடினார்கள். கணக்கு சாருக்குக் கீழே இருந்தவர்களின் பெயர் இருந்தது, அவர் பெயர் இல்லை. அவர் அன்று ஏழாம் வகுப்புக்குத் தேர்வு வைத்துக்கொண்டிருந்தார். தேர்வை முடித்துத் தாள்களைக் கட்டி எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். வராந்தாவில் இருந்தவர்கள் கைப்பேசியைப் பைக்குள் போட்டார்கள். இனி ஓய்வு பெறுவதற்குள் இன்னொரு முறை அவர் பக்கம் பட்டியல் வருமா என்பது சந்தேகம்தான்.

அடுத்த புதன் எட்டாவது பீரியடில் காலி வகுப்பறைக்குப் போனேன். சாக்பீஸ் எடுத்துக் கரும்பலகையில் எழுதினேன்: எட்டாம் வகுப்புக்கு இந்த வருஷம் நான் ஒரு சோதனையும் செய்து காட்டவில்லை. அலமாரிச் சாவியை ஜூனில் தொலைத்தேன். செய்ததாக எழுதியதெல்லாம் பொய். எழுதிவிட்டுப் பார்த்தேன். கரும்பலகையில் எழுதியதை டஸ்டரால் அழித்துவிடலாம். அவருடையதை அழிக்க முடியாதபடி எழுதியவள் நான்.

பதிவேட்டைத் திறந்தேன். மெமோ நிலுவையில் இருந்தால் கலந்தாய்வில் சிக்கல் என்று எங்களில் எல்லோரும் நம்புவோம். ஆறு வருஷம் காத்த மே மாதம் மூன்று மாதத்தில் வர இருந்தது. மகள் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தாள். எழுத்து அழகாக வரவில்லை. கரும்பலகையில் இருந்ததை அப்படியே நீல மையில் எழுதி, அறிவியல் ஆசிரியை என்று போட்டு, கையெழுத்திட்டேன். பிறகு ஆங்கில சாரையும் தமிழ் டீச்சரையும் கூப்பிடலாமா என்று யோசித்து, கூப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். யார் வருவார்கள் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமை இருந்ததாகத் தோன்றவில்லை. மைதானத்தில் பிள்ளைகள் கத்துவது கேட்டது.

வாசலில் நிழல் விழுந்தது. கணக்கு சார், கையில் ஹெல்மெட். வரச் சொல்லி நான் யாரிடமும் சொல்லவில்லை. ஷெட்டுக்குப் போகிற வழியில் ஜன்னல் வழியாகக் கரும்பலகையைப் பார்த்திருப்பார். உள்ளே வராமல் அங்கிருந்தே மூன்று வரியையும் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார்.

"இது ரிஜிஸ்டர்லயும் இருக்குதா?" என்று கேட்டார்.

நோட்டை அவர் பக்கம் திருப்பினேன். மேசைக்கு வந்து, ஹெல்மெட்டை அதன் மேல் வைத்துவிட்டு, கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார். கடைசியில் இருந்த என் கையெழுத்தின் மேல் விரலை வைத்தார். மை இன்னும் காய்ந்திருக்கவில்லை, அவர் விரலில் ஒட்டியது.

"உங்க பொண்ணு அங்க காத்துகினு இருக்குமே மேடம்" என்றார்.

ஆமாம் சார் என்றேன். மன்னிப்பு என்ற சொல்லை ஏற்கெனவே ஒருமுறை செலவழித்துவிட்டேன். அவர் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே பாறை உடைக்கிற இடத்திலிருந்து சிதறிய கற்கள் எங்கள் மதில் ஓரம் முழுக்கக் கிடந்தன.

"சாவியத் தேடிகினு இருக்க வேணாம். கல்லு ஒண்ணு போதும், பூட்ட உடைச்சிடலாம். வாங்க" என்றார்.

சொல்லிவிட்டு வராந்தாவில் இறங்கி, ஆசிரியர் அறைப் பக்கம் பார்த்துத் தமிழ் டீச்சரைக் கையசைத்துக் கூப்பிட்டார். நான் அவர் பின்னால் போனேன். பள்ளி முடிகிற மணி அடித்தது. வேன்காரர் ஹாரன் அடித்தார். ஹெல்மெட் பதிவேட்டின் பக்கத்தில், மேசை மேலேயே இருந்தது.